வறட்சி அல்ல, மூச்சு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பியானோவும் காற்றுக்கருவிகளும் சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோக்களைப் (ஒரு தனிக்கருவி இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கன்செர்ட்டோவை, வயலின்கள் இல்லாத வறண்ட இசை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அதில் தந்திக்கருவியே கிடையாது என்கிறார் கட்டுரையாளர். டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக்கருவி இருக்கிறது, டிம்பனி என்ற முரசும் இருக்கிறது. 'பியானோவுக்கும் காற்றுக்கருவிகளுக்குமான கன்செர்ட்டோ' என்ற தலைப்பில் அவற்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வறட்சி. நானும் முதல் தடவை பாதியிலேயே நிறுத்தியவன்தான். பிறகுதான் புரிந்தது. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய நொடியிலிருந்து ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய கலைஞரானாலும், அடித்த சுரத்தை அதன்பின் பெருக்க முடியாது. ஓபோ, ஹார்ன் போன்ற காற்றுக்கருவிகள் அப்படியல்ல. மூச்சு உள்ளவரை நீட்டலாம், நடுவில் வளர்க்கலாம். பியானோ கைவிடும் இடத்தில் அவை பிடித்துக்கொள்கின்றன. இவை பியானோவின் ஒலியை நீட்டுகின்றன, மனித மூச்சையும் சேர்க்கின்றன என்று ஸ்ட்ராவின்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். மெட்டைப் பியானோ தனியாகத் தொடங்கும். பிறகு காற்றுக்கருவிகள் அதை வாங்கிக்கொள்ளும். அதில் வறட்சி எங்கே இருக்கிறது?

இந்தத் தொடக்கத்தைத்தான் 1924 மே 22 அன்று, பாரிஸில் நடந்த முதல் அரங்கேற்றத்தில், ஸ்ட்ராவின்ஸ்கி மறந்துபோனார். தானே எழுதியது, தானே வாசித்தது! இசை நடத்துநர் கூசெவிட்ஸ்கி முதல் சில சுரங்களை மெல்ல முனகிக் காட்டிய பிறகுதான் கை நகர்ந்ததாம்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்கின் சேம்பர் கன்செர்ட்டோவைக் கட்டுரையில் "பியானோவும் 13 காற்றுக்கருவிகளும்" என்று குறிப்பிட்டிருப்பதும் சரியல்ல. ஒரு தனி வயலினும் உண்டு. முதல் பகுதி பியானோவுக்கு, இரண்டாவது வயலினுக்கு, மூன்றாவதில்தான் இருவரும் சேர்கிறார்கள். இரண்டாம் பகுதி 'விகடகவி' என்ற சொல்லைப் போல நடுவிலிருந்து அப்படியே பின்னோக்கித் திரும்புகிறது. அதுவரை வாய்மூடி இருந்த பியானோ, சரியாக அந்தத் திருப்பத்தில் ஒரே கீழ்ச்சுரத்தை 12 முறை அடிக்கிறது. நள்ளிரவு மணி அடிப்பது போலத்தான் எனக்குக் கேட்கும். வயலினை மறந்துவிட்டால் இந்தக் கட்டமைப்பே பிடிபடாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். செக் இசையமைப்பாளர் யானாசெக் 1926-இல் எழுதிய 'கப்ரிச்சியோ'வைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம். முதல் உலகப் போரில் காயம்பட்டு வலது கை செயலிழந்த ஓட்டகர் ஹோல்மன் என்ற கலைஞருக்காக எழுதியது. பியானோவுக்கு இடது கை மட்டும்தான். எதிரே ஒரு புல்லாங்குழல், இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டெனர் டியூபா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்