நீரேற்று சங்கம்: விஎஃப்டி வேலை முடிஞ்சது, 54 ஹெர்ட்ஸ் ஏன்னு ஒரு விளக்கம்

உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆத்தங்கரை மோட்டர் ரூம்ல பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர எடுத்துட்டு விஎஃப்டி (கரண்டோட ஹெர்ட்ஸ, அதாவது ஒரு செகண்டுக்கு அது எத்தன தடவ அலையுதுங்கறத, மாத்தி மோட்டர் வேகத்தக் கூட்டிக் கொறைக்கற கருவி) போடற வேலை நல்லபடியா முடிஞ்சுருச்சு, கடைமடைக் காட்டுக்கும் இப்ப தண்ணி போய்ச் சேருது. செலவுல பெரும்பங்கு விஎஃப்டிக்கும், மேட்டுக்கு ஏறற லைன்ல அடிப்பக்கம் இருந்த, 4 கிலோ அழுத்தம் தாங்கற பைப்ப எடுத்துட்டு 6 கிலோ பைப் போட்டதுக்கும்தான். பில்லு எல்லாம் ஆபீஸ்ல இருக்குதுங்க, யார் வேணாலும் வந்து பாத்துக்கலாம்.

நெறய பேரு கேக்கறது ஒண்ணுதான், 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓட்டலாமே, ஏன் 54-லயே பூட்டி வெச்சிருக்கீங்கன்னு.

நம்ம மோட்டர் 30 ஹெச்பி, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1460 ஆர்பிஎம். 50 வரைக்கும் ஹெர்ட்ஸ் ஏற ஏற விஎஃப்டி வோல்டேஜையும் சேத்து ஏத்திக் குடுக்கும், ஆனா லைன்ல வர்றதே 415 தான, அதுக்கு மேல அதால குடுக்க முடியாது, அதனால 50-ஐத் தாண்டுனா ஹெர்ட்ஸ் மட்டும் ஏறும், வோல்டேஜ் நின்னுரும், உள்ள காந்த இழுவை கொறயும், டார்க், அதாவது சுத்தற முறுக்கு விசை, கொறயும். வேகம் கூடுனாலும் மோட்டர் அதே 30 ஹெச்பி தாங்க. பம்பு அப்படி இல்ல, வேகம் கூடக்கூட அது கேக்கற பவர் கனமடங்கா ஏறும், வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. 50-ல நம்ம பம்பு இழுத்தது 22 ஹெச்பி. 54-ல 28 கிட்ட வருது, ஆம்ப்ஸ் நேம் பிளேட்ல போட்டிருக்கற 40-க்குள்ளயே நிக்குது. 60-னா 38 ஹெச்பியையும் தாண்டிரும், ட்ரிப் ஆகலைன்னா காயில் கருகிரும். 22-க்கும் 30-க்கும் நடுவுல கையிருப்பு இருந்ததாலதான் இந்த 54 கூட நமக்குக் கெடச்சுது, புல் லோடுல ஓடிட்டிருக்கற மோட்டரா இருந்தா 50-க்கு மேல தொட்டே இருக்கக் கூடாது.

வேகம் 100-க்கு 8 தான் கூடியிருக்குது, தண்ணி அஞ்சுல ஒரு பங்கு கிட்ட கூடியிருக்குது. 25 மீட்டர் மேட்டுக்கு ஏத்தறதுக்கே பம்போட தள்ளு சக்தில பெரும்பகுதி போயிருது, அதுக்கு மேல மிச்சம் இருக்கறதுதான் தண்ணிய ஓட்டுது, வேகம் ஏறுனா அந்த மிச்சம்தான் வேகமா வளருது. இந்த வேலைல எங்களுக்கு ரொம்ப சந்தோசம் தந்தது இதுதாங்க.

பைப்ப மாத்துனதும் இதே கணக்குலதான். வால்வு மூடியிருந்தா 50-ல 40 மீட்டர் அழுத்தம், அதாவது 4 கிலோ, பழைய பைப்புக்கு அதுவே விளிம்பு. 54-ல 46 மீட்டரத் தாண்டும்.

கரண்ட மிச்சம் பண்றேன்னு யாரும் ரொம்பக் கொறச்சும் ஓட்ட வேண்டாம்ங்க. 40 ஹெர்ட்ஸ்ல மோட்டர் சுத்தும், தண்ணி மேல சரியா ஏறாது, பம்புக்குள்ள இருக்கற தண்ணிதான் சூடாகும். அதனால கீழ் எல்லை 43-ன்னு செட் பண்ணிருக்கு.

கோடைல ஆத்துல தண்ணி எறங்குனா உறிஞ்சற பக்கம் திணறும், பம்புக்குள்ள கல்லு உருளற மாதிரி சத்தம் வரும். கேட்ட ஒடனே 50-க்கு எறக்கிருங்க, அதுக்கு ஆப்பரேட்டர் தம்பிக்கு அனுமதி குடுத்தாச்சு. மேல ஏத்தற பாஸ்வேர்டு கமிட்டிகிட்ட மட்டும். வேகம் கூடுனதால பேரிங்குக்கு கிரீஸ் முன்ன விட சீக்கிரமா வெக்கணும், கையிருப்புப் பணத்துல ஒரு செட் பேரிங் வாங்கி ரூம்லயே வெச்சிருக்குதுங்க.