மகள் நாத்திகம் பேசுகிறாளா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நடுவில் நிறுத்திவிடாதே. எனக்கு முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது, மற்றபடி சௌக்கியம்.

"மகள் நாத்திகம் பேசுகிறாள்" என்று ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாய். ஆனால் அவள் சொன்னதாக நீ எழுதியிருப்பது என்ன? "இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாதுப்பா. தெரிந்த மாதிரி கைகூப்ப மனசு வரவில்லை." இதில் நாத்திகம் எங்கே இருக்கிறது? இல்லை என்று அவள் சொல்லவே இல்லையே!

மறுப்பவன், சந்தேகப்படுபவன், சடங்கு பிடிக்காதவன், கோயிலுக்குப் போகச் சோம்பல்படுபவன் எல்லோரையும் அந்த ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். பழைய ஆட்கள் இதில் நம்மைவிடக் கறார். வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்கிறது மனு சாஸ்திரம். அந்தக் கணக்கில், உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காமல், வேதச் சடங்கையே பெரிதாகக் கொண்ட மீமாம்சைத் தத்துவம் ஆத்திகத்தில் சேர்ந்துவிட்டது. நோன்பும் தவமுமாக வாழ்ந்த சமணரும் பௌத்தரும் நாத்திகர் ஆனார்கள். நம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தைப் பார். கண்ணால் காண்பதே உண்மை என்ற உலகாயதன் வேறு, கடவுளை விட்டுவிட்டுத் தத்துவம் பேசிய நிரீச்சுர சாங்கியன் வேறு. மறுக்க வேண்டிய எதிராளிக்குக்கூடப் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்கள்.

பழைய ரோமப் பேரரசில் இதைவிட வேடிக்கை. ஊர்த் தெய்வங்களைக் கும்பிடாததால் ஆதிக் கிறிஸ்தவர்களைத்தான் அங்கே நாத்திகர் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்துப் பேராயர் பாலிகார்ப்பைப் பிடித்துவந்து, "நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறோம்" என்றானாம் ஆளுநர். கிழவர் அரங்கில் கூடியிருந்த கூட்டத்தைக் கையால் சுட்டி, "நாத்திகர்கள் ஒழிக" என்றாராம். உயிர் தப்பவில்லை. ஆனால் அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறதோ அவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இங்கே அந்த வசவைத் தாங்களே எடுத்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பெரியாருக்கு முன்பே, 1878-இல், மதம் சாராமல் சிந்தித்தவர்களின் சென்னை இலௌகிக சங்கம் தொடங்கிவிட்டது. 'தத்துவவிவேசினி' அவர்கள் நடத்திய தமிழ்ப் பத்திரிகை. பிறகு வந்த சுயமரியாதைக்காரர்கள் 'கடவுள் மறுப்பு' என்று பட்டென்று சொன்னார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும், அதில் மழுப்பல் இல்லை. 'பகுத்தறிவாளர்' என்பதில்தான் கொஞ்சம் தற்பெருமை தட்டுகிறது. மற்றவர்களுக்கெல்லாம் பகுத்தறிவு இல்லை என்றாகிவிடுகிறதே!

சரி, உன் மகளுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் அதற்கென்றே 1869-இல் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு சொல்லைச் செய்தார். அவர் போய்வந்த சங்கத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கொள்கைப் பட்டம் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அதனால் 'அக்னாஸ்டிக்' என்று தனக்குத் தானே ஒன்று சூட்டிக்கொண்டார். தமிழில் 'அறியொணாவாதி' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழைய வேண்டுமே! 'நம்பிக்கை இல்லாதவள்' என்றால் வாழ்க்கையே வெறுத்தவள் போலத் தொனிக்கிறது. 'சந்தேகப்படுகிறவள்' என்றால் கேட்பவருக்குப் புருஷன் பெண்டாட்டிச் சண்டைதான் ஞாபகம் வரும்.

பேச்சில் நம் ஆட்கள் இதைச் சுலபமாகச் சமாளிக்கிறார்கள். "அவர் சாமி கும்பிட மாட்டார்" என்பார்கள். அவர் என்ன செய்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மனசுக்குள் இருப்பதைத் தோண்டுவதில்லை. "ஏதோ ஒரு சக்தி இருக்கு, மத்ததெல்லாம் தெரியாது" என்பவரை யாரும் நாத்திகர் என்பதில்லை. அவருக்கும் உன் மகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? அவர் ஓர் அடி முன்னே வைத்துவிட்டார், இவள் காலை எடுக்காமல் நிற்கிறாள். 'மதில்மேல் பூனை' என்றும் அவளைச் சொல்லிவிடாதே. பூனை எந்தப் பக்கமாவது குதிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறது, அவளுக்கு அப்படி ஒன்றும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே உன் அண்ணன் கேட்டால், "தெரியாது என்கிறாள்" என்று அவள் வார்த்தையிலேயே சொல்லிவிடு. அவர் அதற்கு மேல் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

அப்புறம், அவள் வயதில் நீ என்னவெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தாய் என்பதை இதுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தில் மறுபடி புலம்பினால் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
சிதம்பரம்