கழுத்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளின் வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கழுத்து நின்ற பிறகே குழந்தையைக் குப்புறப் போட்டுப் பழக்க வேண்டும் என்கிறது. இது தலைகீழ் யோசனை. குப்புறக் கிடந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதில்தான் கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறுகின்றன. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே இதைத் தொடங்கலாம். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அல்லது அப்பாவின் மார்புதான் முதல் இடம். அந்த நேரத்தில் பெரியவர் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

இன்னும் தவழாத குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புற இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இதைப் படித்துவிட்டு ஒரே மூச்சில் அரை மணி நேரம் போட்டுவைத்தால் குழந்தை அலறத்தான் செய்யும். முதலில் தினம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும். ஒரு நிமிடத்திலேயே முகம் சுளித்தால் தூக்கிவிட்டு, பிறகு மறுபடி போடலாம். பால் குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும்.

"எங்கள் குழந்தைக்குக் குப்புறப் படுப்பதே பிடிக்காது" என்பவர்கள் முதலில் குழந்தையின் முழங்கையைப் பாருங்கள். கைகள் பக்கவாட்டில் விரிந்தோ விலாவுக்குப் பின்னாலோ கிடந்தால் ஊன்றி எழ வழியில்லை; மூக்கு தரையில் தேயும், அழும். முழங்கை தோளுக்கு நேர் கீழே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். மெல்லிய துண்டைச் சுருட்டி, அக்குளை ஒட்டி மார்புக்குக் குறுக்கே வைத்து, இரு கைகளையும் துண்டுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். துண்டு வயிற்றுப் பக்கம் நழுவினால் பாலைக் கக்கும். தடிமனாகச் சுருட்டினால் முழங்கை தரையைத் தொடாது. அப்போதும் தலை எழவில்லையென்றால் குழந்தையின் பிட்டத்தில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பிடியுங்கள். இடுப்பு நிலையாக இருந்தால் தலையைத் தூக்குவது எளிது. மெத்தை வேண்டாம், அது புதையும். தரையில் பாயோ விரிப்போ போதும். நீங்களும் எதிரே படுத்து, அதன் கண்மட்டத்தில் முகத்தைக் காட்டுங்கள்.

தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் திடீர் மரண அபாயம் கூடுதல். விளையாடும்போதே கண் சொக்கினால் உடனே புரட்டிவிடுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் 2 மாதத்தில் தலையைச் சற்று நேரம் தூக்கும், 4 மாதத்தில் முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும், 6 மாதத்தில் கைகளை நீட்டி ஊன்றி எழும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிரசவம் குறித்திருந்த தேதியிலிருந்து போட வேண்டும். தவழாமலே நேராக நடக்கும் குழந்தைகளும் உண்டு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 4 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டாலோ, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலோ, தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தாலோ, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துத் தசை இறுகிய குழந்தைக்குப் பிசியோதெரபியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்ல பலன் கிடைக்கும்.

கழுத்து நின்ற பிறகே குப்புறப் போட வேண்டும் என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே, முழங்கை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவர்