தந்தை டிராகனும் குட்டி டிராகனும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு நான் வராததற்கு உன் வீட்டில் கோபித்துக்கொண்டிருப்பார்கள். நீயே சமாதானம் சொல்லி வை. சீனாவில், குவாங்சோ நகரத்து வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

இடைவாரை மாட்டும் ஜேட் என்ற கடினக் கல்லில் செய்த கொக்கி ஒன்று வேண்டும், அதுவும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஹான் அரச வம்சக் காலத்தது என்று எழுதியிருக்கிறாய். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா? அவற்றை இங்கே நான்யூ அரசர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். தென்சீனத்தின் பழைய நான்யூ நாட்டை ஆண்டு, கி.மு. 122 வாக்கில் இறந்த அரசன் சாவோ மோவின் கல்லறை 1983இல் கிடைத்தது. அதிலிருந்த ஒரு கொக்கியில் எட்டு ஜேட் துண்டுகளை இரும்புக் கம்பியில் கோத்திருக்கிறார்கள்; ஒரு முனையில் புலி, மறுமுனையில் டிராகன். தவிரவும், 1911க்கு முந்திய கலைப்பொருள் எதையும் சீனப் பெருநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை; ஹாங்காங் இதில் சேராது.

எனக்கென்னவோ சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் காலத்துக் கொக்கிதான் பிடித்திருக்கிறது. ஹாங்காங் ஹாலிவுட் சாலையில் ஒரு கடைக்காரர் வெள்ளை ஜேட் கொக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார். விரல் நீளம். வளைந்த முனையில் பெரிய டிராகனின் தலை, சுருண்ட புருவம், பிதுங்கிய கண்கள். அது தன் முதுகைத் திரும்பிப் பார்க்கிறது. அங்கே கொம்பில்லாத குட்டி ஒன்று ஊர்ந்து வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது, வாயில் லிங்சி என்ற மருந்துக் காளானைக் கவ்விக்கொண்டு. குட்டியின் வயிற்றுக்கு அடியில் நூல் நுழையும் இடைவெளி. எஃகுக் கத்தி இந்தக் கல்லில் செல்லாது; காலால் மிதித்துச் சுழற்றும் தகட்டில் ஈரமணலை இட்டுத் தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும். வெளிப்பக்கம் சரி, அந்த வயிற்றுக்கடியை எப்படித்தான் தேய்த்தார்களோ! கொக்கியின் அடிப்பக்கம் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு குமிழ். அதை வாரின் ஒரு துளையில் செருகி, வாரின் மறுமுனையை டிராகன் தலையில் மாட்டிக்கொள்வார்கள்.

தந்தை மகனுக்குப் புத்தி சொல்வதாக இதற்குச் சீனர்கள் பொருள் சொல்கிறார்கள். பெரியது வாயைத் திறக்கவே காணோம்! உன் மகன் வங்கி வேலையை விட்டு ஆடு வளர்க்கப் போகிறேன் என்று நின்றானே, அன்றைக்கு உன் முகம் இப்படித்தான் இருந்தது.

கொக்கி உயிரையும் காத்திருக்கிறது. பழங்காலச் சீனாவில் சியாவ்பாய் என்ற இளவரசன் மீது, போட்டி இளவரசனின் ஆளான குவான் சோங் எய்த அம்பு இடைக்கொக்கியில் பட்டது. செத்தவனாக நடித்துத் தப்பியவன், கி.மு. 685இல் சி என்ற சீனச் சிற்றரசின் ஆட்சியைப் பிடித்தான். பிறகு எய்தவனையே அமைச்சனாக்கினான். சிபாரிசு செய்தவன் குவான் சோங்கின் பழைய நண்பன் பாவோ ஷூயா. எனக்கு நீ அப்படி எங்கேயாவது சொல்லி வைத்திருக்கலாம்.

படங்கள் அனுப்புகிறேன். விலையைத் தொலைபேசியில் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு கேள். பொங்கல் வரை எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் பதில் எழுது.

அன்புடன்,
கணேசன்