2024–25 ஆண்டறிக்கை: ஒரு புலி மனுவும் நான்கு பூங்காக்களும்

நம் இயற்கை மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வேலூர் வெயிலிலும் மூன்று மணிக்கே வந்து மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்துவிட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே அரங்கில் நான் அறிக்கையை வாசித்து முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். "பறவை, பட்டாம்பூச்சி எல்லாம் சரி செயலாளரே, நம்ம அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு ஒரு புலி கேட்டு எழுதிப் போட்டா என்ன?" என்றார். பலத்த கைதட்டல். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டல்லவா. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது தண்ணீர் வருகிறது, புலி இல்லாத பூங்கா என்ற குறை மட்டும் ஏன் என்பது அவர் வாதம்.

மனு எழுதுவது என் வேலைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரிக்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புலிக்கு என்ன வேண்டும்? எவ்வளவு இடம், என்ன வேலி, எத்தனை ஆள்? அதனால் புலி வைத்திருக்கிற இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவோம் என்று செயற்குழு முடிவு செய்தது. இந்த ஆண்டின் நான்கு பயணங்களும் அதற்காகத்தான்: வண்டலூர், திருப்பதி, பெங்களூரு பக்கத்துப் பன்னேர்கட்டா, மைசூரு.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். வண்டலூருக்கு முதல் தடவை வேன் பேசியபோது நான் குறித்தது செவ்வாய்க்கிழமை. அன்று அங்கே விடுமுறை. முன்பணத்தில் ஒரு பகுதி போனது போனதுதான். கணக்கில் 'இதர செலவு' என்று பொருளாளர் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார்.

புலியோடு மற்ற ஊனுண்ணிகளின் இடங்களையும் பார்த்து மதிப்பெண் போடுவது என்று ஏற்பாடு. கிளம்புமுன் எதை ஊனுண்ணிக் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. முதலை கறி தின்னவில்லையா என்று ஒருவர். கரடி பழமும் கரையானும் தேனும் தின்கிறது, அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று இன்னொருவர். விலங்கியல் படித்த நம் இணைச் செயலாளர் எழுந்து, கரடி தின்பது எதுவானாலும் அதன் குலம் ஊனுண்ணிக் குலம்தான், முதலை எதைத் தின்றாலும் ஊர்வன என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே கரடி உள்ளே, முதலை வெளியே.

வண்டலூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னையில் 1855-இல் தொடங்கிய விலங்குக்காட்சி, பின்னால் சென்ட்ரல் பக்கம் பார்க் டவுனில் இருந்தது. இடம் போதாமல் 1985-இல் வண்டலூருக்குப் போனது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இப்போது சுமார் 602 ஹெக்டேர். பழைய இடத்தைச் சின்ன வயதில் பார்த்த உறுப்பினர்கள் கம்பிக்குப் பின்னால் இருந்த சிங்கத்தின் வாடையைத்தான் முதலில் நினைவுகூர்ந்தார்கள். வண்டலூரில் கம்பி இல்லை, அகழி. ஜெர்மனியில் ஹாகன்பெக் என்பவர் 1907-இல் ஹாம்பர்க் அருகே செய்துகாட்டிய முறை இது. விலங்குக்கும் நமக்கும் நடுவில் ஒரு பள்ளம். விலங்கு இருக்கும் பக்கம் மண்ணும் மரமும் மேடுமாக இருக்கும். வேலூர்க்காரருக்கு அகழியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று கதை கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அகழிக்கு ஆழமும் அகலமும் மட்டும் போதாது, எதிர்ப்பக்கச் சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று நம் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை உறுப்பினர் அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தார்.

அன்று புலியின் இடத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். புலி தெரியவில்லை. ஒரு புதருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. காய்ந்த இலை என்று நினைத்தோம். பைனாகுலரில் பார்த்தால் ஒரு காது. ஈ உட்காரும்போது மட்டும் அசைந்தது. அவ்வளவுதான் தரிசனம். நாங்கள் தயாரித்துக்கொண்டு போன மதிப்பெண் தாளில் பொருளாளர் பத்துக்கு இரண்டு போட்டார். "காசு கொடுத்து டிக்கெட் வாங்கினது காது பார்க்கவா?" என்றார். இணைச் செயலாளர் அதே இடத்துக்கு எட்டு போட்டார். வருடம் முழுக்க வண்டியிலும் கூட்டத்திலும் டீக்கடையிலும் ஓடிய வாக்குவாதம் அங்கே தொடங்கியது. நான் இணைச் செயலாளர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் விலங்குக்கு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பகல் ஒரு மணி வெயிலில் புலி படுக்காமல் வேறென்ன செய்யும்? சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி.

வெள்ளைப் புலியின் முன்னால்தான் கூட்டம் தாங்கவில்லை. அது தனி இனம் என்றே பலர் நம்புகிறார்கள். 1951-இல் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழியில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்து இணைத்துப் பெருக்கியவைதான் இவற்றில் பெரும்பாலானவை என்று உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்ற குடும்பத்துக்கு விளக்கினார். அந்தப் பையன் கேட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் தின்றான்.

நமக்குத் தெரியாத பாதி இன்னொன்று இருக்கிறது. புலி, சிங்கம் எல்லாம் பகலில் நாம் பார்க்கிற திறந்த இடத்தில் இருக்கும், மாலையில் பின்னால் உள்ள அறைக்குப் போய்விடும். சாப்பாடும் பெரும்பாலும் அங்கேதான். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதிப்படி ஒரு ஜோடிப் புலிக்குத் திறந்த இடம் குறைந்தது 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்ட். உள்ளறை 2.75 மீட்டர் நீளம், 1.80 மீட்டர் அகலம், அதாவது ஒன்பதுக்கு ஆறு அடி. அந்த அறை காய்ந்திருக்கிறதா, காற்று வருகிறதா, ஊசி போட விலங்கை நெருக்கி நிறுத்தும் கூண்டு இருக்கிறதா என்பதெல்லாம் நம் மதிப்பெண் தாளில் ஏற வழியே இல்லை. 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி இரண்டு இறந்தபோது, வேலையெல்லாம் நடந்தது நாம் பார்க்காத அந்தப் பின்பக்கத்தில்தான்.

திருப்பதிக்குக் காட்பாடி, சித்தூர் வழியாகப் போனோம். பாதிப் பேர் மலைக்குப் போகிற சாக்கில் வந்தவர்கள். ஸ்ரீவெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா 1987-இல் திறந்தது. சேஷாசலம் மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கிடக்கிறது. இடத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. நடந்து நடந்து நமக்குத்தான் கால் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் ஒருவர் தடுப்பைத் தாண்டி அங்கே சிங்கத்தின் இடத்துக்குள் குதித்து உயிரிழந்தார். வேலி விலங்கை உள்ளே வைக்க மட்டும் இல்லை, மனிதனை வெளியே வைக்கவும்தான் என்று அன்று நம் வேனில் பேசிக்கொண்டோம்.

பன்னேர்கட்டாவில் கணக்கே வேறு. அங்கே கம்பி வலை போட்ட பஸ்ஸுக்குள் நாம், வெளியே விலங்கு. சர்க்கஸில் புலி, சிங்கம், கரடி வித்தை காட்டுவதற்கு 1998-இல் மத்திய அரசு தடை போட்டது, 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படி மீட்ட விலங்குகளுக்கு இடம் கொடுத்த பூங்காக்களில் இதுவும் ஒன்று. கரடிகளைப் பார்த்ததும் நம் மூத்த உறுப்பினருக்குப் பேச்சே வரவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் கரடி வித்தைக்காரன் வருவானாம். மூக்கில் கயிறு கோத்திருக்கும். காத்து கருப்பு அண்டாது என்று அவருடைய பாட்டி நாலணா கொடுத்துக் கரடி மயிர் வாங்கித் தாயத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார். "அந்த மூக்கு எப்படி வலிச்சிருக்கும்னு அப்ப தோணவே இல்லப்பா" என்றார். பஸ் திரும்புகிற வரை வேறெதுவும் பேசவில்லை.

சிறுத்தையைப் பற்றி நான்கு ஊர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புலிக்கும் சிங்கத்துக்கும் அகழி போதும். சிறுத்தை தாவும், மரம் ஏறும், சுவர் ஏறும். அதனால் பல பூங்காக்களில் அதைத் தலைக்கு மேலும் வலை போட்ட கூண்டில்தான் வைக்கிறார்கள். கூண்டு என்றால் இடம் குறுகும். உயரத்தில் படுக்கப் பழகிய பிராணிக்கு உள்ளே ஒரு பரண், சாய்ந்த ஒரு மரம், கோணி போட்ட ஒரு நிழல் மூலையாவது இல்லாவிட்டால் அது தரையில் கிடந்து நம்மை அண்ணாந்து பார்க்க வேண்டியதாகிறது. பன்னேர்கட்டாவில் 2024 ஜூனில் திறந்த சிறுத்தை சஃபாரியில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். சுற்றிலும் உயரமான கம்பி வலை, ஏறினாலும் வழுக்கிவிடும்படி மேலே தகடு, நடுவில் சுமார் 20 ஹெக்டேர் காடும் பாறையும். நாங்கள் போனபோது பாறை மேல் ஒன்று படுத்திருந்தது. பஸ்ஸைப் பார்த்தது, எழவில்லை. வாலை மட்டும் பாறையில் ஒரு தட்டுத் தட்டியது. பொருளாளர் அதற்கு ஒன்பது போட்டார். தெரிந்தது, அதனால் ஒன்பது!

நேர்மாறான ஒன்றும் வழியில் பார்த்தோம். எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்பது செயற்குழு முடிவு. அங்கே ஒரு சிறுத்தை நடந்துகொண்டிருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அங்கே ஒரு திருப்பம், மறுபடி இந்த மூலை. இணைச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதே கல்லின் மேல் அதே வலது முன்கால். அது நடந்த கோட்டில் புல் இல்லை, மண் சிமெண்ட் போல இறுகியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு" என்று குழந்தைக்குக் காட்டினார். காட்டில் எந்தப் பிராணி அதிக தூரம் அலைகிறதோ அதுதான் கூண்டில் இப்படி அதிகம் நடக்கிறது என்று கிளப், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். பனிக்கரடி அதில் மிக மோசம். அதற்குக் கூண்டில் கிடைக்கும் இடம், காட்டில் அது சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் கணக்கு. பொருளாளர் அன்று தாளில் மதிப்பெண்ணே போடவில்லை. எழுதாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மைசூருக்குக் காவேரி எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறினோம். 1892-இல் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தொடங்கிய பூங்கா அது. ஊருக்கு நடுவில் 157 ஏக்கர்தான், வண்டலூரோடு ஒப்பிட்டால் துண்டு நிலம். ஆனால் மர நிழல் வயது ஏறிய நிழல். அங்கே சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, இருக்கிறது. 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு எட்டு வந்தபோது பத்திரிகைகள் சில 'சிறுத்தை' என்றே எழுதி, நம் ஊர்ச் சிறுத்தை அங்கே ஏன் போகிறது என்று எனக்குப் பலர் போன் செய்தது நினைவிருக்கும். கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இருந்தால் சிவிங்கி, ரோஜாப்பூ போல வட்ட வட்டமாகப் புள்ளி இருந்தால் சிறுத்தை. சிவிங்கி ஓடுகிற பிராணி, அதற்கு நீளம் வேண்டும். சிறுத்தைக்கு உயரம் வேண்டும். ஒரே அளவு கூண்டை இரண்டுக்கும் கொடுத்துவிட்டு சதுர மீட்டர் சரியாக இருக்கிறது என்றால் என்ன பயன்?

சரி, மனுவுக்கு வருகிறேன். அமிர்தி பூங்கா 1967-இல் தொடங்கியது, நமக்கு 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் சிறு பூங்கா. புலி ஒன்றுக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ இறைச்சி, வாரம் ஒரு நாள் பட்டினி என்று வைத்துப் பொருளாளர் ஒரு கணக்குப் போட்டார். அதற்கு மேல் கீப்பர்கள், மருத்துவர், அகழி, உள்ளறை. ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரர் ஒருவரே அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். பணம்கூட எங்கிருந்தாவது வரட்டும். நாம் புலியைக் கேட்டால் கிடைக்கப்போவது ஒரு கூண்டும் அதில் ஒரே கல்லை மிதித்து மிதித்து நடக்கிற ஒரு பிராணியுமாக இருந்துவிடக் கூடாது என்பது செயற்குழுவின் கருத்து. மனுவைக் கைவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர், போன வருடம் அதைக் கேட்ட அதே மூத்த உறுப்பினர். தீர்மானம் நிறைவேறியது. மூன்று பேர் எதிர்த்தார்கள், அவர்களுடைய கருத்தும் பதிவேட்டில் இருக்கிறது. அதற்குப் பதிலாக, அங்கே இருக்கிற விலங்குகளுக்கு நல்ல தமிழில் பெயர்ப்பலகை எழுதித் தர அனுமதி கேட்டு வனத்துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வரும்.

மற்ற நடவடிக்கைகள் வழக்கம்போல. மாதக் கூட்டங்கள் நடந்தன, மே மாதம் மட்டும் வெயிலுக்குப் பயந்து விட்டோம். குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் சிறுத்தை நடமாட்டம் பற்றி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் அடுத்த ஆண்டு அதற்கென்றே ஒரு கூட்டம் வைக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பற்றாக்குறை இருக்கிறது, அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதில் அடக்கம்.

கடைசியாக ஒன்று. மன்றத்துக்குச் சொந்தமான இரண்டு பைனாகுலர்களில் ஒன்று மைசூர்ப் பயணத்துக்குப் பிறகு அலமாரிக்குத் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறுக்குள் அலுவலகத்தில் வைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்