டியூபில் கோடு வரை ரத்தம் ஏன் வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

பல் விழுந்து மூன்று நாளாக ஈறில் ரத்தம் கசிகிற ஆறு வயதுப் பையனைப் போன வாரம் ஒரு அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். வேறு இடத்தில் எடுத்த டியூபும் கையில் இருந்தது. அதை வாங்க முடியாது என்றதும், "திரும்பவும் குத்தணுமா?" என்று கேட்டார். அவர் கோபம் எங்களுக்குப் புரிகிறது, அதனால்தான் இந்த மடல்.

அது ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கான டியூப். வெளிர்நீல மூடி போட்ட அந்த டியூபில், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. அந்த டியூபில் ரத்தம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது. அப்படிக் குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், ரத்தத்தை உறையவைக்கச் சோதனையில் நாங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும்; உறைய நேரமாகிறது என்று மெஷின் காட்டும்; இல்லாத நோய் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவந்தாலும் ஃபேக்டர், அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களின் அளவு தவறாக வரலாம்.

சரி, சோதனைக்கு வருவோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் இரண்டு சோதனைகள் பி.டி., ஏ.பி.டி.டி. ஃபேக்டர் குறைவால் ரத்தம் எளிதில் நிற்காத ஹீமோபிலியா நோயில் பி.டி. சரியாக இருக்கும், ஏ.பி.டி.டி. நீளும். அப்போது நோயில்லாதவர்களின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) சரிபாதி கலந்து பார்ப்போம். நேரம் சரியானால் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு என்று பொருள். எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது என்றால் பி. அந்த ஃபேக்டர் நார்மல் அளவில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கடுமையான வகை. ஆனால் வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு உறைதல் புரதத்தில் கோளாறு வரும் வான் வில்லிபிராண்ட் நோயிலும் எட்டு குறையலாம், அதையும் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. அந்த வான் வில்லிபிராண்ட் புரதத்தின் அளவு கர்ப்பத்திலும் காய்ச்சலிலும், ஏன், குழந்தை வீறிட்டு அழுதால்கூட ஏறிவிடும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களை, ஒரு முறை நார்மல் என்று வந்தாலும் இன்னொரு நாள் வரச் சொல்வது இதனால்தான்.

பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டு சோதனையும் நார்மல் என்றால் நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்றாவது ஃபேக்டர் குறைவு அவற்றில் தெரியாது. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காத குழந்தை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். உறைந்த கட்டியை யூரியா கரைசலில் போட்டு 24 மணி நேரம் வரை கவனிப்போம், கரைந்துபோனால் சந்தேகம் பலமாகும்.

அந்த அம்மாவிடம், "உங்கள் அண்ணன் தம்பிக்குச் சின்ன வயதில் முட்டி வீங்கியதுண்டா?" என்று கேட்டோம். ஹீமோபிலியா தாய்வழியே வருவதால் தாய்மாமன் கதை எங்களுக்கு முக்கியம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் மூன்றில் ஒரு பங்கு உண்டு, அதனால் "எங்கள் வீட்டில் இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

வரும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். குழந்தை அழுதால் அவசரமில்லை, அடங்கிய பிறகே ஊசி.

அன்புடன்,
உங்கள் லேப் ஊழியர்கள்