சூரியன் வேண்டாம், சேவல் வரையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுத்தாலும் நம் மக்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, எல்லாம் அலட்சியம் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே நின்றவன் நான். அதே வசனத்தை நானும் அந்தச் சன்னல் வழியாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று எனக்குக் காட்டியவர் ஆடு மேய்க்கும் ஒரு ஆத்தா.

மணப்பாறைப் பக்கம் ஒரு ஊர். அவருக்கு ரத்தக் கொதிப்பு. மாதாமாதம் வருவார், மேல் அளவு 180-க்குக் கீழே இறங்கவே இறங்காது. "என்ன ஆத்தா, மாத்திரை போடறியா இல்லையா?" என்பேன். "போடறேன் சாமி" என்பார். பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் அவர் தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மோர் குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். உத்திரத்து ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. எடுத்துப் பார்த்தால் உள்ளே நான் கொடுத்த மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்காமலே.

"இது நம்ம மாத்திரை இல்ல சாமி. நம்மது குட்டியா இருக்கும், அட்டை வேற நெறம். யாருக்கோ உள்ளதை மாத்திக் குடுத்துட்டீங்கன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

சரி, அதை என்னிடம் கேட்டிருக்கலாமே?

"கேட்டா கோவிச்சுக்குவீங்களே."

மாத்திரை அதேதான். சப்ளை செய்யும் நிறுவனம் மாறியிருந்தது, அதோடு அட்டையின் நிறமும் மாத்திரையின் அளவும் மாறியிருந்தன. உறையில் நான் பேனாவால் "காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வேறு ஆளுடைய மருந்தைத் தின்னக் கூடாது என்று பத்திரமாக எடுத்து வைத்தவரை அலட்சியக்காரர் என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தேன். உறையில் எழுத்துக்குப் பதில் படம் போட்டேன். பையை உத்திரத்திலிருந்து எடுத்து ஆட்டுப்பட்டிப் படலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொன்னேன். காலையில் படலைத் திறக்காமல் அவருக்குப் பொழுது விடியாது, இரவு அடைக்காமல் தூங்க மாட்டார். இரண்டு மூன்று மாதத்தில் அளவு இறங்கியது.

இதற்கு இப்போது பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. ஆளைத் திட்டாமல், நல்லதைச் செய்ய வசதியாகச் சுற்றியிருப்பதை மாற்றி வைப்பதை நடத்தை வடிவமைப்பு என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள். இந்த வழியில் யோசித்த ரிச்சர்ட் தேலர் என்பவருக்கு 2017-ல் பொருளாதார நோபல் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒருமுறை நண்பர்களுக்கு விருந்து வைத்தாராம். சாப்பாடு வருவதற்குள் எல்லோரும் முந்திரிப்பருப்பையே அள்ளித் தின்றுகொண்டிருக்க, கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கோபப்பட வேண்டியவர்கள் நன்றி சொன்னார்களாம். முந்திரிக் கிண்ணத்தை ஒளித்து வைப்பதில் என் வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பது வருட அனுபவம். அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கிய காலத்தில், நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊட்டமாகச் சாப்பாடு போட்டால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். அந்த மையத்தில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை நெரிசலான தங்கள் வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்க காசநோய் வைத்தியம் வீட்டுக்கு இடம் மாறியது. வீட்டில் மாத்திரையை விழுங்குகிறார்களா என்ற கவலை அப்போதே இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

பிற்பாடு அதே காசநோய்த் திட்டத்தில் '99டாட்ஸ்' என்று ஒரு உறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் அதன் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால், காசு செலவில்லை. கால் வராவிட்டால் ஊழியர் விசாரிப்பார். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டும் மிஸ்டு கால் கொடுக்கலாம்தான். ஆனாலும் மிஸ்டு காலில் இருக்கும் நம்மவர் சாமர்த்தியத்தை வைத்தியத்துக்கு இழுத்த ஆளை நான் மெச்சுகிறேன்.

5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் ஒரு பெரிய முள்ளை எடுத்துப் போட்டது. அதற்கு முன் மாதம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று வாங்க வேண்டும். அறுவடை நேரத்தில் யார் வருவார்கள்? இப்போது தன்னார்வலர் பெண் வாசலுக்கு வருகிறார். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போக இன்னும் நாலு அடி பாக்கி இருக்கிறது. நாம் தடுக்கி விழுவது அங்கேதான்.

வடிவமைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். இன்னொருவர், லாரி டிரைவர், பிரஷர் மாத்திரையை நிறுத்தியே விட்டார். நான் போட்ட படம் எதுவும் அவரிடம் பலிக்கவில்லை. கடைசியில் உட்கார வைத்துக் கேட்டபோதுதான், அதைப் போட்டால் கால் வீங்குகிறது, செருப்பு நுழையவில்லை என்றார். அவர் போட்ட அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். டாக்டரிடம் சொன்னோம், வேறு மாத்திரை எழுதினார். அவ்வளவுதான்.

நல்ல எண்ணத்தோடு தவறான இடத்தில் வைப்பதும் உண்டு. சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் என்று 2016-ல் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருப் பெட்டிக்கடையில் பெட்டியாக வாங்குகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். படத்தைத் தினமும் பார்ப்பவர் கடைக்காரர் மட்டும்தான். அதே கடையில் மிட்டாய் பாட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும். இப்படிப் பொருளை இடம் மாற்றி வைத்து ஆளை ஒரு பக்கம் திருப்புவது மக்களை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டிலைத்தான் காட்டுவேன்.

சுகாதாரத் துறைக்கு உங்கள் வழியாக நான் வைக்கும் விண்ணப்பம் சின்னது. எந்த நிறுவனம் சப்ளை செய்தாலும் பிரஷர் மாத்திரை அட்டைக்கு ஒரே நிறம், சுகர் மாத்திரை அட்டைக்கு வேறு ஒரே நிறம் என்று டெண்டர் விதியிலேயே எழுதுங்கள். அட்டை மாறியே ஆக வேண்டும் என்றால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சொல்லத் தன்னார்வலருக்கு அந்த மாதம் கூடுதல் நேரம் கொடுங்கள். அப்புறம், உறையில் காலைக்கும் இரவுக்கும் படம் அச்சடியுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துத் தெரியாத பத்துப் பேரிடம் அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் ஆத்தாவின் உறையில் முதலில் வரைந்தது சூரியன். கதிரெல்லாம் போட்டு, சிவப்புப் பேனாவில். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ன சாமி, பூவா?" என்றார். காலை என்றேன். "அப்ப ஒரு சாவலைப் போடுங்க" என்றார். போட்டேன். என் சேவல் காக்கை மாதிரிதான் வந்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் மாத்திரை மாற்றிப் போட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர்,
மணப்பாறை.